சிவப்புக் கத்தியா, வெள்ளிக் கத்தியா? அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேர்ம் இன்சூரன்ஸும் இல்லை. ஒரு சின்ன மடக்குக் கத்தி. சிரிக்காதீங்க, இதுலயும் கணக்கு இருக்கு. நான் தோற்ற கணக்கும் இருக்கு.

எங்க ஆபீஸ்ல ஆர்டிகிள்ஷிப் முடிச்சு, இங்கேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன். முதல் முழுச் சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்த அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போனை நீட்டினான். திரையில் ரெண்டு கத்தி. ரெண்டும் விக்டோரிநாக்ஸ் கிளாசிக். ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட கிளாசிக் எஸ்டி. இன்னொண்ணு வெள்ளி நிறத்துல, கட்டம் கட்டமா சொரசொரப்பா இருக்கிற அலாக்ஸ். "மேடம், எதை வாங்கலாம்? ரெண்டும் ஒரே கத்திதான். இது மட்டும் ஏன் ஆயிரம் ரூபா ஜாஸ்தி?"

"சிவப்பு வாங்குப்பா"ன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். சாப்பாடு ஆறிப்போற அளவுக்குப் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதறேன்.

முதல்ல, இந்தக் கத்தியைப் பார்த்ததே இல்லாதவர்களுக்காக. மூடி வைத்தால் 58 மில்லிமீட்டர் நீளம், அதாவது உங்க சுண்டு விரல் அளவு. சாவிக்கொத்துல மாட்டலாம். உள்ளே ஒரு சின்னக் கத்தி, ஒரு கத்தரிக்கோல், ஒரு நக அரம். அரத்தின் நுனியே ஸ்க்ரூட்ரைவர். பெயரில் இருக்கிற எஸ்டி என்பது ஸ்க்ரூட்ரைவரின் சுருக்கம்தான். ஸ்டாண்டர்டும் இல்லை, ஸ்பெஷலும் இல்லை. இதுவரைக்கும் ரெண்டு வெர்ஷனும் ஒண்ணேதான். கத்தியின் எஃகு, தீட்டும் விதம், கத்தரிக்கோல், எதுவும் மாறாது.

வித்தியாசம் கைப்பிடியில். சிவப்பு வெர்ஷனின் கைப்பிடி செல்லிடார் என்கிற பிளாஸ்டிக். அதுக்குள்ளே ரெண்டு பொந்து. ஒண்ணுல ஒரு குட்டி இடுக்கி, இன்னொண்ணுல ஒரு பல்குச்சி. அலாக்ஸில் கைப்பிடி ஆனோடைஸ் செய்த அலுமினியத் தகடு. தகடு மெல்லிசு, அதனால் பொந்து கிடையாது. இடுக்கியும் இல்லை, பல்குச்சியும் இல்லை. அதற்குப் பதிலாக கத்தி மெலிந்து போகுது. சிவப்பு சுமார் 9 மி.மீ. தடிமன், அலாக்ஸ் 6 மி.மீ. சொச்சம். எடை 21 கிராமுக்குப் பதில் 17 கிராம். கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இளைப்பு.

விலை கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் மாறும். கணக்குக்காக சிவப்பு ₹1,800, அலாக்ஸ் ₹2,800 என்று வைத்துக்கொள்வோம். ஆக அதிக விலை கொடுத்து ரெண்டு கருவி குறைவாக வாங்குகிறோம். இதுல ஒண்ணும் ஏமாற்று வேலை இல்லை. அலுமினியத் தகட்டை அச்சடித்து, சாயம் ஏற்றி, ரிவெட் அடிப்பது பிளாஸ்டிக்கை வார்ப்பதைவிடச் செலவு பிடிக்கிற வேலை. ஆனா வாங்குறவர் எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். நீங்க கொடுக்கிற கூடுதல் ஆயிரம் வெட்டுவதற்கு இல்லை. கையில் எடுக்கும்போது வருகிற அந்தக் குளிர்ச்சிக்கு, ஜீன்ஸ் பாக்கெட்டில் துருத்தாமல் இருப்பதற்கு, மேஜையில் வைத்தால் பக்கத்து சீட்காரர் எடுத்துப் பார்ப்பதற்கு. அந்த ஆயிரத்திலும் 152 ரூபாய் 54 காசு ஜிஎஸ்டி. கத்திகளுக்கான வரி 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. சி.ஏ. எழுதினா இப்படி ஒரு வரி வந்தே தீரும், மன்னிச்சுக்கோங்க.

அலாக்ஸுக்கும் நியாயமாப் பேசணும். பிளாஸ்டிக் கைப்பிடி சாவியோடு உரசி உரசி ஒரு வருஷத்தில் மங்கிவிடும். கான்க்ரீட் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம். பல்குச்சி எப்போது காணாமல் போச்சுன்னே தெரியாது. அலாக்ஸில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கீறல் விழும், அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கும். ஆனால் ஒண்ணு. சிவப்பு வெர்ஷனின் கைப்பிடி அழுத்திப் பொருத்தியதுதான். உடைந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். இடுக்கி, பல்குச்சி எல்லாம் தனியாகக் கிடைக்கும். அலாக்ஸின் தகடு ரிவெட் அடித்தது. நசுங்கினால் நசுங்கினதுதான். உடையக்கூடியது ரிப்பேர் பண்ணக்கூடியதா இருக்கு, உடையாதது ரிப்பேர் பண்ண முடியாததா இருக்கு. பைக் வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

சரி, நான் எதுக்கு இதை வச்சிருக்கேன்? ஆடிட் வேலையில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். வவுச்சர் கட்டு சணல் கயிறு போட்டு இறுக்கி வரும். பேங்கிலிருந்து வருகிற கவர் நாலு பக்கமும் டேப் ஒட்டி வரும். ஸ்டேப்ளர் பின் பிடுங்கணும், டேக் நுனி பிரிஞ்சிருந்தா நறுக்கணும். கிளையண்ட் இடத்துல போய் "கத்தரிக்கோல் இருக்கா"ன்னு கேட்டா, அதைத் தேட ஒருத்தர், அந்த ஒருத்தரைத் தேட இன்னொருத்தர். போன வருஷம் ஒரு மாசம் குறிச்சு வச்சுப் பார்த்தேன். அதிகம் எடுத்தது கத்தரிக்கோல். அதுல பாதிகூடக் கத்தி இல்லை. அரம் பின் பிடுங்க மட்டும். இடுக்கி மூணே தடவை, ஆனா அதில் ஒண்ணு மரக்கடை ஸ்டாக் சரிபார்க்கப் போன அன்னிக்கு உள்ளங்கையில் ஏறின சிராய். ராத்திரி ஊசி வச்சுக் குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியது, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. பல்குச்சியை அதன் பெயருக்குரிய வேலைக்கு இதுவரை பயன்படுத்தியதில்லை, பயன்படுத்தப் போவதும் இல்லை.

இது என் கணக்கு. உங்களுக்கு வேற வரும். ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க பைக் ஓட்டுகிற ஒருத்தருக்கு அந்த 3 மி.மீ. பெரிய விஷயமா இருக்கலாம். என் குர்த்தியில் பாக்கெட்டே இல்லை, கைப்பைதான். கைப்பைக்குள்ளே கிடக்கிற பொருள் 6 மி.மீ.யா 9 மி.மீ.யா என்பது கைப்பைக்குத் தெரியப்போவதில்லை.

ஒரு நாளைக்கு 27 காசு

இந்த மாதிரிப் பொருள் வாங்கும்போது ஒரு கணக்கு சொல்லுவாங்க. நீங்களே உங்களுக்குச் சொல்லிக்குவீங்க. "பத்து வருஷம் உழைக்கும். ₹1,800-ஐ 3,650 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 49 காசு. ₹2,800 என்றால் 77 காசு. ஒரு நாளைக்கு 27, 28 காசுதானே வித்தியாசம்? ஒரு டீயே 15 ரூபா."

கணக்குல தப்பு இல்லை. தப்பு அந்த பத்து வருஷத்துல இருக்கு. பத்து வருஷம் உழைக்கும் என்பது கத்தியைப் பற்றிய உண்மை. பத்து வருஷம் நீங்க தொலைக்காம வச்சிருப்பீங்க என்பது உங்களைப் பற்றிய ஆசை. சாவிக்கொத்தில் தொங்குகிற பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது எஃகு கிடையாது. ஓலா சீட், ஹோட்டல் ரூம், ஏர்போர்ட், "கொஞ்சம் குடுங்க, இதோ தரேன்" என்று வாங்கிப் போன கலீக். நிறுவனம் ஆயுட்கால வாரண்டி கொடுக்கிறது, அது நிஜம். ஆனா அது மூலப்பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைக்கு. உங்க மறதிக்கு யாரும் வாரண்டி கொடுப்பதில்லை.

என்னுடைய முதல் சிவப்புக் கத்தி 14 மாசம் இருந்தது. ஒரு பேங்க் ஆடிட்டுக்காகக் காலை 6 மணி ஃப்ளைட். கையில் ஒரு கேபின் பை மட்டும். சாவிக்கொத்தை டிரேயில் போட்டேன், அந்தப் பக்கம் போய் நின்றேன், என் டிரே மட்டும் தனியாகப் போனது. கைப்பையில் கத்தி எடுத்துப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நாலரை மணிக்கு எழுந்து கிளம்பினவளுக்கு சாவிக்கொத்தில் கத்தி இருப்பது ஞாபகம் வரலை, அவ்வளவுதான். திரும்பிப் போய் பையை செக்-இன் செய்யலாம் என்றார் அங்கே இருந்தவர், மரியாதையாகத்தான் சொன்னார். மணியைப் பார்த்தேன். வளையத்திலிருந்து நானே கழற்றி அந்தத் தொட்டியில் போட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால் ஏற்கெனவே மூணு நாலு சிவப்பு.

இப்போ கணக்கைத் திரும்பப் போடுங்க. 14 மாசம்னா ஏறக்குறைய 425 நாள். சிவப்புக்கு ஒரு நாளைக்கு ₹4.24. அதே இடத்தில் அலாக்ஸ் இருந்திருந்தால் ₹6.59. 27 காசு எங்கே, இது எங்கே? அதனால்தான் பையன்கிட்ட சொன்னேன்: இந்த மாதிரிப் பொருளை "எவ்வளவு நாள் உழைக்கும்"னு பார்த்து வாங்காதே, "நாளைக்கே தொலைஞ்சா மறுபடி அதே விலை கொடுத்து வாங்குவேனா"ன்னு கேட்டு வாங்கு. சிவப்புக்கு என் பதில் ஆமாம். அலாக்ஸுக்கு வயிறு எரியும்.

இங்கேயே சட்டத்தையும் சொல்லிடறேன். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கான கத்திகளுக்கு அதிலும் விலக்கு இருக்கு. கிளாசிக்கின் கத்தி சுமார் ஒன்றரை அங்குலம், பூட்டிக்கொள்கிற அமைப்பும் கிடையாது. ஆனா சட்டம் வேற, வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி வேற. மெட்ரோ, மால், சில ஐடி பார்க் வாசல்ல நிறுத்தலாம். கோர்ட், பரீட்சை ஹால் பக்கம் எடுத்துட்டே போகாதீங்க. என் வழி: சாவிக்கொத்துல மாட்டறதே இல்லை. கைப்பைக்குள்ளே பென்சில் பவுச், அதுக்குள்ளே கத்தி. ஊருக்குக் கிளம்பும்போது பவுச் மொத்தமும் வீட்டு மேஜையில் தங்கிடும்.

ஆயிரத்தைவிடப் பெரிய செலவு

இவ்வளவு நேரம் சொன்னதுல ஒரு பொய் ஒளிஞ்சிருக்கு. ஆயிரம் ரூபாய்தான் பிரச்சினை என்கிற மாதிரி பேசிட்டேன். இல்லை. ஒரு தடவை ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்ததால் யாரும் ஏழையாகிடலை. அந்த ஆயிரத்தை 12 சதவீதத்தில் 30 வருஷம் போட்டா ₹30,000 ஆகும்னு சொல்ற வீடியோக்கள் இருக்கு, நானே ஒரு காலத்துல அப்படி ஒண்ணு போட்டிருக்கேன். இப்போ பார்த்தா கூச்சமா இருக்கு. 30 வருஷம் கழிச்சு வரப்போற ₹30,000-க்காக யாரும் இன்னிக்குப் பிடிச்சதை விடமாட்டாங்க, விடவும் வேண்டாம்.

பிரச்சினை, "எந்த வெர்ஷன்?" என்கிற கேள்வியே. அது ஒரு தடவையோட முடியறதில்லை.

என் கதையைச் சொல்றேன். சிவப்பு போனதும் நான் என்ன செஞ்சேன்? "போனது போச்சு, இந்தத் தடவை நல்லதா வாங்குவோம்"னு அலாக்ஸ் வாங்கினேன். வாங்கறதுக்கு முன்னாடி மூணு வாரம் ரிவ்யூ பார்த்தேன். அந்த மூணு வாரத்துல நான் கத்தியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டதைவிட, கத்தி விக்கிறவங்க என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டது அதிகம். விக்டோரிநாக்ஸ் 2014-லிருந்து வருஷம் ஒரு புது நிறத்துல அலாக்ஸ் லிமிடெட் எடிஷன் விடுது. கிளாசிக் மட்டுமில்லை, அதே நிறத்துல அதைவிடப் பெரிய மாடல்களும். அந்த வருஷம் முடிஞ்சா அந்த நிறம் முடிஞ்சது. இது வியாபாரம், அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா 26 வயசுல, புதுசா சி.ஏ. ஆகி, கையில முதல் கிரெடிட் கார்டு வச்சிருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டுச்சுன்னா, "இப்போ விட்டா எப்பவும் கிடைக்காது."

ரெண்டு வருஷத்துல ஏழு கத்தி. மொத்தம் ₹19,000 சொச்சம். ஒவ்வொண்ணும் தனித்தனியா நியாயமான விலைதான். ஒண்ணுகூட "ஐயோ இவ்வளவா" என்று நினைக்க வைக்கலை. மத்த செலவுகளோட சேர்ந்து கார்டுல ஒரு கட்டத்துல ₹14,000 நின்னுபோச்சு. மினிமம் டியூ கட்டிட்டு வந்தேன். மத்தவங்களுக்கு அதே நேரத்துல "மினிமம் டியூ கட்டாதீங்க"ன்னு அட்வைஸ் வேற. மாசம் 3.5 சதவீத வட்டி, ₹490. அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டி, ₹88. மாசம் ₹578. கிட்டத்தட்ட மூணு மாசத்துக்கு ஒரு சிவப்புக் கத்தியை வட்டியாவே கொடுத்துக்கிட்டிருந்தேன், கத்தி கைக்கு வராமலே.

அந்தச் சமயத்துலதான் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஞ்சியோ பண்ணணும்னாங்க. இன்சூரன்ஸ் இருந்தது, ஆனா அப்ரூவல் வர்ற வரைக்கும் அட்வான்ஸ் ₹50,000 கட்டணும். என் அக்கவுண்ட்ல ₹11,000. நான் வீட்டுக்கு மூத்தவ, சி.ஏ., ஊர்ல எல்லாருக்கும் வருமான வரி ஃபைல் பண்ணிக் கொடுக்கிறவ. பணம் கொடுத்தது என் தம்பி. என்னைவிட அஞ்சு வயசு சின்னவன், முதல் வேலை, சம்பளம் ₹18,000. ஒரு எஃப்டியை உடைச்சு ₹40,000 அனுப்பிட்டு, "அக்கா, வந்துச்சா பாரு"ன்னு ஒரு மெசேஜ். வேற ஒரு வார்த்தை கேக்கலை. அவன் கேட்டிருந்தா பரவாயில்லைன்னு இன்னிக்கும் தோணும். அப்பா அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்துட்டார். இப்பவும் நல்லாத்தான் இருக்கார்.

ஏழு கத்தியை வாங்கலைன்னா அந்த ₹50,000 இருந்திருக்குமா? இருந்திருக்காது. நேர்மையாச் சொல்லணும்னா ₹19,000 மட்டும்தான் இருந்திருக்கும், அதையும் வேற எதுலயாவது விட்டிருப்பேன். கத்தி காரணம் இல்லை. ஆனா ராத்திரி ஹாஸ்பிடல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்போ கைப்பையில அந்த வருஷத்து லிமிடெட் எடிஷன் இருந்தது. அதை வாங்க நான் மூணு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவசரத்துக்குக் கையில எவ்வளவு வேணும்னு மூணு நிமிஷம்கூட உட்கார்ந்து யோசிச்சதில்லை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அப்புறம் ஒருநாள் அந்தக் கம்பெனியோட கதையைப் படிச்சேன். 1884-ல் கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்துல ஆரம்பிச்ச பட்டறை. 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார், 1897-ல் இன்னிக்கு நாம பார்க்கிற அந்த அதிகாரிக் கத்தியைப் பதிவு செய்தார். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்குப் பிடிச்சது 2001. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் விமானத்துல கத்திக்குத் தடை. ஏர்போர்ட் கடைகள்ல, விமானத்துக்குள்ள விற்பனை நின்னுபோச்சு. மடக்குக் கத்தி விற்பனை ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்தது. அப்படியும் அவங்க ஒரு ஆளைக்கூட வேலையை விட்டு அனுப்பலை. ஓவர்டைமை நிறுத்தினாங்க, லீவு எடுத்துக்கச் சொன்னாங்க, கொஞ்சம் பேரை அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கடனா அனுப்பினாங்க. அது முடிஞ்சதுக்குக் காரணம், நல்ல வருஷங்கள்ல லாபத்தை எடுத்துத் தனியா வச்சிருந்தாங்க. 2005-ல் போட்டிக் கம்பெனியான வெங்கரையே வாங்கற அளவுக்குக் கையில பலம் இருந்தது.

கத்தி செஞ்சவங்ககிட்ட எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தது. அந்தக் கத்தியை ஏழு வாங்கினவகிட்ட இல்லை.

அந்த ஏழுல இப்போ என்கிட்ட ஒண்ணுகூட இல்லை. ரெண்டை வித்துட்டேன், வாங்கினதைவிடக் கொஞ்சம் அதிகம் கிடைச்சது. உடனே "அப்போ அது முதலீடுதானே மேடம்"னு ஆரம்பிக்காதீங்க. மீதி அஞ்சையும் கேட்டு யாரும் வரலை. வரி விஷயம் தெரிஞ்சுக்கணும்னா, சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற இந்த மாதிரிப் பொருள் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துக் கணக்குல வராது. நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலதுதான் அதுல வரும். அதனால அந்த லாபத்துக்குக் கேபிடல் கெயின்ஸ் கிடையாது. விக்கிறதுக்காகவே வாங்கி வித்தா அது வியாபாரம், வேற கதை. மீதியைச் சித்தப்பா பசங்களுக்குக் கொடுத்தேன். அம்மாவுக்கு அதுலயும் வருத்தம். "கத்தியைப் போய் யாராவது கையில குடுப்பாளா, கீழ வை, அவங்க எடுத்துக்கட்டும்"னு நிக்க வச்சுட்டாங்க. இப்போ என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு சிவப்புக் கிளாசிக். ஆறு வருஷமாச்சு. கைப்பிடி மங்கிப்போச்சு, பல்குச்சி காணோம், வேற வாங்கிப் போடணும்னு தோணலை.

வாங்கித்தான் ஆகணும்னா

முதல்ல, வாங்காம இருக்க முடியுமான்னு பாருங்க. நம்ம வீட்டுல நகவெட்டி இருக்கும், ₹40, ₹50-க்குப் பெட்டிக்கடையில தொங்குமே, அதுதான். அதை விரிச்சுப் பாருங்க, பாதி நகவெட்டிகள்ல ஒரு குட்டி மடக்குக் கத்தியும் அரமும் இருக்கும். யாரும் அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டோம். ஒரு மாசம் அதைப் பையில போட்டுக்கோங்க. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் போன்ல ஒரு வரி குறிச்சுக்கோங்க. மாசக் கடைசியில நாலஞ்சு வரிதான் இருந்தா, உங்களுக்குக் கத்தி தேவைப்படலை, கத்தி வாங்கணும்னு ஆசைதான் தேவைப்பட்டிருக்கு. இருபது முப்பது வரி இருந்தா தாராளமா வாங்குங்க.

வாங்கும்போது பில்லோட வாங்குங்க. ₹300-க்கு "அதே கத்தி" விக்கிறவங்ககிட்ட நிஜம் கிடைக்காது. கத்திக்குப் பூட்டு கிடையாது என்பதால் குத்தற மாதிரி அழுத்தி வேலை செய்யாதீங்க, மடங்கி விரல்ல இறங்கும். அந்தத் தையல் செலவை நான் கணக்குல சேர்க்கலை.

இஎம்ஐ வேண்டவே வேண்டாம். பையனோட போன்ல அலாக்ஸுக்குக் கீழே "நோ காஸ்ட் இஎம்ஐ, 3 மாசம்"னு காட்டுச்சு. வட்டி இல்லைதான். ஆனா பல கார்டுல பிராசஸிங் ஃபீஸ் உண்டு. ₹199-னு வச்சுக்கோங்க, ஜிஎஸ்டியோட ₹235. ₹2,800 பொருளுக்கு இது 8 சதவீதத்துக்கு மேல, அதுவும் மூணே மாசத்துக்கு. ஒரே தடவையில ₹2,800 கொடுக்க யோசிக்க வேண்டியிருந்தா, உங்க பதில் அங்கேயே கிடைச்சுடுச்சு.

அலாக்ஸ் யார் வாங்கலாம்? ஆறு மாசச் செலவு தனியா எடுத்து வச்சிருக்கீங்க, கார்டுல பாக்கி இல்லை, ஏற்கெனவே ஒரு சிவப்பை ரெண்டு வருஷம் தொலைக்காம வச்சிருக்கீங்கன்னா வாங்குங்க. உங்க காசு, நல்ல பொருள். யார்கிட்டயும் 27 காசுக் கணக்கு சொல்லி நியாயப்படுத்த வேண்டாம். பிடிச்சிருக்கு, வாங்கினேன், அவ்வளவு போதும்.

பையன் என்ன பண்ணினான்னு கேப்பீங்க. ரெண்டையும் வாங்கலை, கார்ட்டுல மட்டும் வச்சிருக்கான். அலாக்ஸைத்தான். அவன் ரூம்மேட்டோட நகவெட்டி இப்போ அவன் பையில இருக்கு. நேத்து சாயங்காலம் அவன் போன்ல எட்டிப் பார்த்தேன், ஆறு வரி இருந்தது. அதுல நாலு தடவை, அவனே ஒத்துக்கிட்டான், ஆபீஸ் கத்தரிக்கோல் மேஜை மேலயே கிடந்ததாம். மாசம் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கு.